அயலேவ் போன துக்க வீடுகள்

"இந்த ஞாயிறும் முடியாது தம்பி. ஒரு துக்க வீடு இருக்கு," என்றார் எங்கள் பள்ளியின் மூத்த ஆசிரியர் அயலேவ்.

இது மூன்றாவது முறை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடிஸ் அபாபாவிலிருந்து வென்ச்சி மலைக்கு ஒரே நாளில் போய்த் திரும்புவதென்று நான் போட்ட திட்டம் அது. விடியுமுன் கிளம்பினால் ஒன்பது மணிக்கு உச்சி. அங்கிருந்து குதிரையில் ஏரிக்கரை, படகு, வறுத்த ஆட்டிறைச்சி, இருட்டுவதற்குள் வீடு. எல்லாவற்றையும் மணிக்கணக்கோடு எழுதி, பள்ளி திறந்த அன்றே ஆசிரியர் அறைப் பலகையில் குத்திவிட்டேன். வண்டி மட்டும் அயலேவின் மச்சானுடையது. அவர் சொன்னால்தான் அது நகரும்.

"அண்ணே, இன்னும் ரெண்டு வாரத்துல விரதம் ஆரம்பிச்சுடும். அப்புறம் நாப்பது நாளைக்குக் கறியைக் கண்ணாலகூடப் பாக்க முடியாது."

"அப்படின்னா எண்டோட்டோ மலைக்குப் போலாமே. பக்கத்துலதானே இருக்கு."

"எங்க வீட்டு ஜன்னலைத் திறந்தா எண்டோட்டோ. அதுக்கு எதுக்கு வண்டி?"

கணக்கு டீச்சர் மெஸெரெட் சும்மா இருப்பாரா? "அண்ணனை விடுங்க தெஷோமே. சொந்தத்துல ஆள் தீர்ந்துட்டாலும், எங்கேயாவது தேடிப்போய் அழுதுட்டு வருவார்."

அயலேவ் சிரித்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

மூலையில் யெஷி டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். இந்த வருடம்தான் சேர்ந்தவர். அதிகம் பேசமாட்டார்.

"உங்களுக்கும் துக்க வீடு ஏதாவது இருக்கா டீச்சர்?" என்று கேட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். யெஷி, ஆசிரியர்கள் எல்லோரும் போடும் வெள்ளைக் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே, "இல்ல. நான் வரேன், அவசியம் வரேன்," என்றார்.

அன்று மாலையே வேறு வண்டி பிடித்துவிட்டேன். அயலேவின் பெயரைத் தாளிலிருந்து நானே அடித்தேன்.

அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "அந்த ரோடு வேணாம் தம்பி."

"ஏன், அங்கேயும் உங்க ஆளு யாராவது செத்துட்டாங்களா?"

"யெஷியும் வருதா?" என்று கேட்டார்.

"அவங்களேதான் அவசியம் வரேன்னாங்க."

"அப்படியா? சரி, பாத்துக் கூட்டிட்டுப் போங்க."

ஞாயிற்றுக்கிழமை யெஷி தலை முதல் கால் வரை கறுப்பில் வந்து நின்றார். கையில் ஒரு துணி மூட்டை.

"மலைக்கு யாராவது கறுப்புல வருவாங்களா? வெயில் சுட்டுடும்," என்றார் மெஸெரெட். யெஷி லேசாகத் தலையாட்டினார், அவ்வளவுதான்.

வழியெல்லாம் பாட்டும் கைதட்டலும்தான். மலை ஏறத் தொடங்கி, பள்ளத்தாக்கு தெரிகிற ஒரு வளைவு வந்தபோது யெஷி என் தோளைத் தொட்டார்.

"தெஷோமே சார், இங்கதான்."

எதற்கென்று தெரியாமலேயே வண்டியை நிறுத்தச் சொன்னேன். யெஷி இறங்கி, சாலையோரத்தில் மூட்டையை அவிழ்த்தார். வீட்டில் சுட்ட பெரிய ரொட்டி. துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுப்பதுபோல, பிய்த்துப் பிய்த்து ஒவ்வொருவர் கையிலும் வைத்தார்.

"என் தம்பியோட லாரி இங்கதான் உருண்டுச்சு. அயலேவ் அண்ணனைத் தவிர நீங்க யாரும் வீட்டுக்கு வரலையேன்னு முதல்ல வருத்தமாத்தான் இருந்தது. ஆனா எல்லாரும் சேர்ந்து இந்த இடத்துக்கே வரப்போறீங்கன்னு பலகையில பாத்தேன் பாருங்க, அப்பவே மனசு ஆறிடுச்சு."

மெஸெரெட் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பள்ளியில் தினமும் அந்த வெள்ளைக் கோட்டுக்குள் இருந்ததும் துக்கத்துக்கு உடுத்தும் கறுப்புதான். இரண்டு மாதம் எதிரே உட்கார்ந்திருந்தும் நான் பார்க்கவில்லை. அன்று ஏரியையும் யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அயலேவிடம் போய் நின்றேன்.

"ஏன்ணே எங்ககிட்ட சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"என்னத்தைச் சொல்றது தம்பி? லீவுல எழவுச் செய்தி வந்த அன்னைக்கே பலகையில போட்டிருந்தாங்களே. படிச்சும் போகாம விட்டுட்டீங்கன்னு நெனச்சேன். அதைச் சொல்லி, அந்தப் பொண்ணு முன்னாடி உங்களைத் தலைகுனிய வைக்கணுமா? அதான் துக்க வீடுன்னு சாக்குச் சொல்லித் தள்ளிப் போட்டேன்."

"பலகையிலயா? அப்படி எதுவும் இல்லையே அண்ணே."

"இருந்துச்சே. லீவுல இங்க வந்தப்போ நானே அதைப் பாத்துத்தான் வீட்டைக் கண்டுபிடிச்சுப் போனேன்."

பலகையருகே போனேன். என் திட்டம்தான் இருந்தது. மூன்று தேதிகள் அடிக்கப்பட்டு, அயலேவின் பெயர் அடிக்கப்பட்டு, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. குண்டூசியைப் பிடுங்கினேன்.

கையோடு இரண்டு தாள்கள் வந்தன. உள்ளே இருந்ததற்குக் கறுப்பு ஓரம். 'நம் பள்ளிக்குப் புதிதாக வரவிருக்கும் ஆசிரியை யெஷியின் தம்பி...'

இரண்டு மாதம் முன்பு, பள்ளி திறந்த அன்று காலை நான்தான் முதல் ஆளாக வந்திருந்தேன். எங்கு தேடியும் ஊசி கிடைக்கவில்லை. பலகையிலிருந்த ஏதோ ஒரு தாளின் ஊசியைப் பிடுங்கி, அதைப் படிக்காமலே, என் திட்டத்தை அதன்மேல் வைத்துக் குத்தினேன்.