கடைசி மாவட்டம்

“மனித வளர்ச்சியில் இந்த ஆண்டு முதல் இடம்...”

அறிவிப்பாளர் இழுத்து முடிப்பதற்குள் முன்வரிசை எழுந்து குதித்தது. ஒரே விசில், கைதட்டல்!

படிப்பு, வருமானம், ஆயுள், குழந்தைகள் நலம் என்று முப்பத்திரண்டு மாவட்டங்களையும் எடை போட்டிருந்தார்கள். சமவெளி மாவட்டம் முதல். அதை ஒட்டிய மலை மாவட்டம் கடைசி.

சுவரோரம் நின்ற மலை மாவட்டத்து டிரைவருக்கு முகம் சுண்டிப்போனது. வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான். இருந்தாலும் சொந்த ஊராயிற்றே!

முதலிடத்துச் சுகாதார அதிகாரி மைக்கைப் பிடித்தார்.

“பிறந்து ஒரு மாசத்துக்குள்ள இறந்த குழந்தைங்க, எங்க மாவட்டத்துல பதினொண்ணு. பக்கத்துல இருநூத்திப் பத்து! நடுவுல ஒரு ஆறுதாங்க ஓடுது. தண்ணி ஒண்ணுதான், ஆளுங்கதான் வேற!”

அரங்கமே சிரித்தது. எல்லார் பார்வையும் மலை மாவட்டத்து டாக்டரம்மா மேல் பாய்ந்தது. பதில் சொல்ல அவரிடம் மைக்கை நீட்டினார்கள்.

“வாழ்த்துகள் சார்,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வண்டியில் ஏறியதும் டிரைவர் பொரிந்து தள்ளினார்.

“என்ன டாக்டரம்மா இது! நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? மானமே போச்சு!”

டாக்டரம்மா வாய் திறப்பதற்குள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். அதே அதிகாரி! குரலில் அந்த மிடுக்கு இல்லை.

“மேடம்... எங்க ஆஸ்பத்திரியில ஒரு குழந்தை. ஏழாம் மாசத்துலயே பிறந்துடுச்சு. மூச்சுத் திணறுது. எங்க டாக்டருங்க கையை விரிச்சுட்டாங்க. வழக்கம்போல உங்ககிட்ட...”

“உடனே அனுப்புங்க சார்! எங்க ஆம்புலன்ஸும் இன்குபேட்டரோட எதிர்ல வரும். பாதி வழியில மாத்திக்கலாம்.”

அடுத்த நொடி வார்டுக்குப் போன் போட்டு மடமடவென்று உத்தரவு கொடுத்தார்.

“வண்டிய விரட்டுங்க!”

டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

“வழக்கம்போலயா? அப்போ அந்த இருநூத்திப் பத்துல...”

“நூத்தி நாப்பது அவங்க ஊர்க் குழந்தைங்க. இந்தப் பக்கத்துக்கே பச்சிளங்குழந்தை வார்டு நம்மளுது ஒண்ணுதான். பிழைச்சா ஊருக்குத் திரும்பிடும். தவறிட்டா நம்ம கணக்குல ஏறும்.”

“பிழைச்சது எத்தனைம்மா?”

“முந்நூறுக்கு மேல!” டாக்டரம்மாவின் முகம் முதல் தடவையாக மலர்ந்தது.

“அடடா! இதை மேடையிலேயே போட்டு உடைச்சிருக்கலாமே?”

“உடைச்சிருந்தா நாம நாலு இடம் மேல போயிருப்போம். ஆனா அந்த மனுஷன் வெட்கத்துல இந்தப் போனைப் பண்ணாமலே இருந்திருப்பார்.”