ஆறுகுடத்தம்மா

ஜெயகுமாரி அக்காவை வில்லியாக வைத்துத்தான் உமாராணி அந்த விளையாட்டையே செய்தாள். அது தப்பா என்று கேட்டால், தெருவில் ஒருத்தரும் தப்பென்று சொல்லமாட்டார்கள்.

உமாராணி கோவில்பட்டியில் இருந்துகொண்டே போன் வழியாக கேம் டிசைன் படிக்கிறாள். காலையில் கதவைச் சாத்திவிட்டு, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், இடி விழுந்தாலும் கேட்காது. தேறினால் வீட்டிலிருந்தே வேலை. அதற்கு அட்டை விளையாட்டு ஒன்று செய்து, ஆட்களை முடிவுவரை ஆடவிட்டு, வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். இன்று சாயந்திரம்தான் கடைசி.

ஏற்கெனவே ஒன்று அனுப்பியிருந்தாள். பரமபதம். கொத்து வாங்குகிறவர்கள் பாவம் என்று பாம்பையெல்லாம் எடுத்துவிட்டு, ஏணியை மட்டும் வைத்திருந்தாள் புண்ணியவதி.

வாத்தியார் செலஸ்டின் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, விளையாட்டுன்னா இலக்கு வேணும், விதி வேணும், தடை வேணும், பரிசு வேணும். தடையே இல்லாம இது விளையாட்டா? மாடிப்படி!"

தடைக்கு எங்கே போவது? அதே தெருவில் இருக்கிற பேபியிடமும் வெயிலம்மாளிடமும் புலம்பினாள்.

"நம்ம குழாயடியில இல்லாத தடையா?" என்று ரெண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

தண்ணீர் வருகிற நாளில் வீட்டுக்கு நாலு குடம். அது தெரு விதி. ஜெயகுமாரி அக்கா மட்டும் ஆறு பிடிப்பாள். கேட்க ஆள் கிடையாது. கேட்டால் அந்த வாய்க்கு யார் பதில் சொல்வது?

விளையாட்டு தயார். சோடா மூடிதான் குடம். தாயக்கட்டையை உருட்டி, முதலில் நாலு குடத்தை வீடு சேர்க்கிறவள் ஜெயித்தாள். நடுநடுவே 'ஆறுகுடத்தம்மா' கட்டம். அதில் போய் விழுந்தால் ரெண்டு குடம் காலி. ஆறுகுடத்தம்மாவுக்குப் படம் வேறு வரைந்திருந்தாள். பெரிய கொண்டையோடு அச்சு அசல் ஜெயகுமாரி.

பேபியும் வெயிலம்மாளும் படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். போனில் வீடியோவை ஓடவிட்டு, ஆட்டத்தைத் தொடங்கப் போகிற நேரம்.

"ஏட்டி, என்னைய விட்டுட்டா விளையாடுதீங்க?"

ஜெயகுமாரி அக்கா! சம்மணம் போட்டு உட்கார்ந்தே விட்டாள்.

முதல் உருட்டிலேயே அக்காவின் மூடி ஆறுகுடத்தம்மா கட்டத்தில் போய் நின்றது. ரெண்டு குடம் போச்சு.

"யாருட்டி இவ?"

"அது... வரிசையில எல்லாருக்கும் முன்னால புகுந்து, கூட ரெண்டு குடம் பிடிக்கவ, யக்கா."

"அடிப்பாவி! இப்படியும் ஒருத்தி இருப்பாளா? கொண்டையைப் பாரு, காக்கா கூடு மாதிரி!"

வெயிலம்மாள் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். பேபி சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சிரிக்காதீங்கட்டி! இவளை நீ நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்காம நான் அடுத்த ஆட்டம் ஆட மாட்டேன். கேளுட்டி!" என்று தாயக்கட்டையை இடுப்பில் செருகிக்கொண்டாள் அக்கா.

ஆட்டம் நின்றுபோனது. வீடியோ மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டம் முடியாவிட்டால் வேலையும் போச்சு, படிப்பும் போச்சு. உமாராணிக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ!

"யக்கா, கேக்கேன். அது நீங்கதான்."

"எது?"

"ஆறுகுடத்தம்மா. வீட்டுக்கு நாலுதான் விதி. நீங்க ஆறு பிடிக்கீங்க. தெருவே பேசுது."

தெருவே பேசுகிறதென்று சொன்னதும் தெருவின் சார்பாக வந்திருந்த ரெண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. உண்மையிலேயே திகைத்துப் போனாள்.

"நான் எங்கட்டி ஆறு பிடிச்சேன்? என் வீட்டுக்கு நாலுதான பிடிக்கேன்?"

"அப்ப மத்த ரெண்டு?"

"உன் வீட்டுக்கு!"

"எங்களுக்கு எங்க வீட்டுக்காரருல்லா பிடிக்காவ!"

"யாரு, சுடலைராஜ் தம்பியா? மணியாச்சியில ராத்திரி டூட்டி பாத்துட்டு வந்து அவன் விடுத குறட்டை குழாயடி வரைக்கும் கேக்குது. நீயானா காதுல ஒயரோட படிச்சிட்டு இருக்க. படிக்க பிள்ளையக் கூப்பிடக் கூடாதேன்னு சந்து வழியா வந்து ஊத்திட்டுப் போறேன். பின்வாசல் தொட்டி தானா ரொம்புதுன்னா நெனச்ச?"

பேபி, வெயிலம்மாள் ரெண்டு பேருக்கும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. உமாராணி அட்டையைக் கிழிக்கக் கை நீட்டினாள். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"ஏட்டி, கிழிச்சா எதை அனுப்புவ? ஆட்டத்தை முடி மொதல்ல."

தாயக்கட்டையை எடுத்து உருட்டப்போன அக்கா, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"உனக்கும் நாலு குடம் தூக்கணும்னுதான் நெனைப்பேன். இந்த இடுப்பு ரெண்டுக்கு மேல விடமாட்டேங்குது. தப்பா எடுத்துக்கிடாதட்டி."