பின்பக்கத்து பெஞ்சு

ஊராட்சி மன்றக் கூட்டத்தில் பின்பக்கத்து பெஞ்சை எடுத்துவிடலாம் என்று துணைத்தலைவர் சொன்னபோது, அந்த பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"பொதுமக்கள்னு யாரு வர்றா? சும்மா இடத்த அடைச்சுக்கிட்டு கிடக்கு. எடுத்துட்டா ரெண்டு பீரோ போடலாம்."

துணைத்தலைவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். யாருக்கு எதைக் கொடுத்தால் வலி போகும் என்று தெரிந்தவர். தலைவிக்குப் பிடிக்கும் என்று நினைத்துத்தான் அந்தப் பேச்சையே எடுத்தார்.

பெஞ்சில் இருந்தவர் முன்பு ஒரு மரக்கடையில் லாரி ஓட்டியவர். இப்போது ஊரில் அவருக்குப் பெஞ்சுக்காரர் என்றே பெயர். இந்த மன்றம் அமைந்ததிலிருந்து ஒரு கூட்டம் விடாமல் வருகிறார். முகம் மழித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, ஏதோ பெரிய இடத்துக்குப் போகிறவர் மாதிரி வந்து உட்காருவார். இதுவரை வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

குற்றம் கண்டுபிடிக்கத்தான் வருகிறார் என்று உறுப்பினர்கள் நினைத்தார்கள். நினைக்கக் காரணம் இருந்தது. தேர்தலில் தலைவியை எதிர்த்து நின்ற மரக்கடை முதலாளியை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவர் இவர்தான். போட்டதோடு விட்டாரா? மரக்கடை லாரியில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, சின்னப் பெண், அதற்கு என்ன தெரியும் என்று தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டு போனார்.

தலைவி ஜெயித்தார். முதலாளி தோற்ற கோபத்தில் டிரைவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். இரண்டு பக்கமும் போயிற்று.

ஆனால் அவர் வருவது குற்றம் பார்க்க அல்ல.

எந்தத் தீர்மானத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன், தலைவி பேனாவை மூடி வைத்துவிட்டு, பெஞ்சைப் பார்த்து, பொதுமக்கள் யாராவது பேச விரும்புகிறீர்களா என்று கேட்க வேண்டும். அது விதி. பெஞ்சு இருக்கும்வரை கேட்டாக வேண்டும். பெஞ்சில் இருப்பது இவர் ஒருவர்தான். ஆகவே கேள்வியும் இவருக்குத்தான்.

இல்லை என்று தலையாட்டுவார். அவ்வளவுதான்.

வீட்டில் சமைப்பதும் தனக்கு, இருமுவதும் தனக்கு என்று ஆகிவிட்டது. அந்த ஒரு பார்வையை வைத்துக்கொண்டு அடுத்த கூட்டம் வரை எப்படியோ காலத்தை ஓட்டிவிடுவார். இப்போது அதற்கும் வேட்டு வைக்கிறார்கள்.

"யாருக்கும் ஆட்சேபம் இல்லையே? சம்மதம்னா கையத் தூக்குங்க," என்றார் துணைத்தலைவர்.

கைகள் மளமளவென்று உயர்ந்தன. அரைத்தூக்கத்தில் இருந்த கொத்தனார் உறுப்பினர் எதற்கென்று தெரியாமலே இரண்டு கையையும் தூக்கினார்.

தலைவி பேனாவை மூடினார். பெஞ்சைப் பார்த்தார். கேட்டார்.

பெஞ்சுக்காரர் எழுந்துவிட்டார். எழுந்த பிறகுதான், சொல்வதற்கு ஒரு குறையும் இல்லை என்பது உறைத்தது. குழாயில் தண்ணீர் வருகிறது. குப்பை வண்டி வருகிறது. சாக்கடைக்கு மூடிகூடப் போட்டாகிவிட்டது. பாழாய்ப் போக, எல்லாவற்றையும் ஒழுங்காக நடத்தித் தொலைக்கிறார் இந்தத் தலைவி.

"எங்க தெரு விளக்கு எரியல," என்றார். பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல் பாதியில் கரகரத்தது.

கூட்டம் தவறாமல் உட்கார்ந்து கேட்டவருக்கு மன்றத்தின் வழக்கமெல்லாம் தலைகீழ்ப் பாடம். பெஞ்சிலிருந்து ஒரு குறை வந்துவிட்டால், சொன்னவரே அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்து, தீர்ந்துவிட்டது என்று சொல்லும்வரை அது முடியாது. பெஞ்சை எடுத்துவிட்டால் எங்கே உட்கார்ந்து சொல்வது?

துணைத்தலைவர் பல்லைக் கடித்தார். அந்த விளக்கு போன வாரம்தான் புதிதாக மாட்டியது, தன் கடை ஏணியைத்தான் வாங்கிக்கொண்டு போனார்கள் என்றார்.

உண்மைதான். நேற்றுச் சாயங்காலமும் அது பளிச்சென்று எரிந்தது. அந்த வெளிச்சத்தில்தான் அவர் வாசற்படியில் உட்கார்ந்து பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படித்தார். உள்ளே விளக்கு இல்லாமல் இல்லை. உள்ளே உட்கார்ந்தால் சுவர்தான் துணை, வாசலில் என்றால் போகிற வருகிறவர்களையாவது பார்க்கலாம்.

இந்த வயதில் பொய் சொல்லி, அதுவும் தலைவி முன்னால் மாட்டிக்கொண்டு, மானம் கப்பலேறப் போகிறது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எரியலதான்," என்றார் தலைவி. "நேத்து அந்தப் பக்கமா போனேன், நானே பார்த்தேன். பெஞ்சு இருக்கட்டும்."

உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கொத்தனாரின் கைகள் மட்டும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன.

கூட்டம் கலைந்தது. எல்லோரும் போன பிறகு, கோப்புகளை அணைத்துக்கொண்டு தலைவி பெஞ்சைக் கடந்தார். இரண்டடி தாண்டி நின்றார். திரும்பவில்லை.

"வெளிய பனி கொட்டுது. இனிமே பேப்பர உள்ள உக்காந்து படிங்க, அப்பா."

அறையைப் பூட்ட வந்தவர் சாவிக்கொத்தைக் குலுக்கும்வரை, தன் மகள் படியிறங்கிப் போன வாசலையே பார்த்துக்கொண்டு அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.