கப்பல் கட்டுகிறவர்கள்

கப்பல் துறைத் துணைச் செயலாளரை முடிச்சு கடைசியாக உயிரோடு பார்த்தது, அவர் மூன்று பெரிய மனிதர்களுக்கு முன்னால் இவனை நாயை விரட்டுவதுபோல் விரட்டிய அன்றைக்குத்தான்.

முடிச்சு என்பது பட்டப்பெயர். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களை வடம் போட்டுக் கரையோடு கட்டும் ஆட்களுக்கு அவன் மேஸ்திரி. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வடம் அறுந்து, அவன் தங்கை புருஷனின் இடது காலை முழங்காலோடு கொண்டுபோய்விட்டது.

அந்தச் சமயம் பார்த்து அரசாங்கத்துக்கு உள்நாட்டுக் கப்பல் தொழில்மேல் திடீர்ப் பாசம் வந்திருந்தது. அதை வளர்க்க ஒரு கொள்கை தயாராகிக்கொண்டிருந்தது; அதன் வரைவு பத்திரிகையில் வந்திருந்தது. கப்பல் கட்டும் தளம் அமைத்தால் வரி கிடையாது. கப்பல் வாங்கினால் வட்டி பாதி. அரசாங்கச் சரக்கெல்லாம் நம் கொடி பறக்கும் கப்பலுக்கே. முதலாளிகளுக்குப் பதினெட்டுப் பக்கம். போனால் போகிறதென்று தொழிலாளிக்கு ஒரு வரி: கப்பல் கட்டும் தொழிலாளர் வேலையில் ஊனமுற்றால் செயற்கைக் காலும், உட்கார்ந்து பார்க்கிற வேலையும் உண்டு.

முடிச்சு அந்த வரியைப் பிடித்துக்கொண்டு மனுவோடு போய் நின்றான்.

“நாங்களும் கப்பல் கட்டுறவங்கதானே சார். தினம் நாலு கட்டுறோம்.”

அறையில் இருந்த கப்பல் முதலாளிகள் மூவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். துணைச் செயலாளர் சிரிக்கவில்லை.

“கப்பல் கட்டுறவன் வேற, கப்பலைக் கட்டுறவன் வேற. நடுவுல ஒரு ‘ஐ’ இருக்குய்யா. இலக்கணம் தெரியாதவன்லாம் மனு எடுத்துட்டு வந்துடறான். வெளியே போ.”

மூன்றாவது வாரம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். துறைமுகத்தில் ஒரு கண்ணும் நனையவில்லை. மலர்வளையம் அனுப்பலாமா என்று யாரோ கேட்டதற்கு, கட்டிலில் கிடந்த மாப்பிள்ளை, அந்த அறுந்த வடத்தைச் சுருட்டி அனுப்பச் சொன்னான்.

கொள்கை அச்சாகி வந்தது. முடிச்சு அந்த வரியை விரல் வைத்துப் படித்தான். ‘கப்பலைக் கட்டும் தொழிலாளர்.’

வக்கீலிடம் ஓடினார்கள். கப்பலை உருவாக்கினாலும் கட்டுவதுதான், வடத்தால் பிணைத்தாலும் கட்டுவதுதான், இரண்டு பேருக்கும் உண்டு என்று அவர் சொல்லிவிட்டார். அச்சுப்பிழையை எவனாவது திருத்தித் தொலைக்கப் போகிறான் என்று, மாப்பிள்ளைக்குக் கால் பொருத்தும்வரை துறைமுகமே வாயைத் திறக்கவில்லை.

பிறகு முடிச்சு ஒரு மிட்டாய்ப் பெட்டியோடு, துணைச் செயலாளர் அலுவலகத்தில் அந்தக் கொள்கையை அடித்த தட்டச்சு அம்மாவைப் பார்க்கப் போனான்.

“தப்பா அடிச்சதுக்கு ரொம்ப நன்றிம்மா.”

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. இருபது வருஷ வேலையில் தன்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை என்று பெட்டியைத் திருப்பித் தள்ளினாள்.

“நான் சரியாத்தாண்ணே அடிச்சேன், ‘கப்பல் கட்டும்’னு. அந்த மனுஷன்தான் திருப்பி அனுப்பினார்.”

இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவன் முன் போட்டாள். ஓரத்தில் சிவப்பு மசியில் எழுதியிருந்தது:

‘ஐ எங்கே? முதலாளிகளுக்கும் இலக்கணம் தெரியாது. தைரியமாக அடிக்கவும்.’

அடியில் துணைச் செயலாளரின் கையெழுத்து. தேதி, முடிச்சை அவர் விரட்டிய நாள்.