காற்றாட விட்ட காலை

தேயிலைத் தோட்ட லயத்து வீட்டு வாசற்படியில் ஆறு மாத மகளை மடியில் குப்புறப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் லோகேஸ். பேம்பர்ஸ் உரசிப் புண்ணான இடத்தை மிட்வைஃப் சொன்னபடி வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, வெள்ளைக் களிம்பு பூசிக் காற்றாட விட்டிருக்கிறான். ஹல்துமுல்லைப் பனி விலகி, இளவெயில் அந்தச் சிவந்த தொடைகளில் விழுகிறது. பால் கொடுக்கக் கொழுந்து மலையிலிருந்து ஓடிவந்த தனுஜா, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் குனிந்து பார்க்கிறாள். “இன்னும் எரியுதாங்க அவளுக்கு?” அவன் பதில் சொல்லுமுன், பிள்ளை ஒண்ணுக்குப் போய் அவன் சாரம் சூடாக நனைகிறது. “ஐயோ, எந்திரிங்க!” லோகேஸ் அசையவில்லை. பிள்ளை அவன் விரலைச் சப்பியபடியே கிடக்கிறாள். “மூணு நாளா ஒண்ணுக்குப் போனாலே எரிஞ்சு கத்துவா. இன்னைக்குக் கத்தல, பாரு தனு.” தனுஜா அவனுக்குப் பக்கத்தில், ஈரத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள்.