நேற்றைய வைத்தியம்

“மறுபடியும் சிஸ்டம் இழுக்குது மேடம்! ஓ.பி. சீட்டு போட வந்தவங்க கியூவுலயே மயங்கி விழுந்துடுவாங்க போலிருக்கு.”

புத்தூர் ஆஸ்பத்திரிக் கவுன்டரிலிருந்து லூர்துராணி போனில் கத்தினாள்.

மாடியில் டேட்டாபேஸைக் கவனிக்கும் லிசிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பதிவுகள் துண்டு துண்டாகச் சிதறினால் தேட நேரமாகும் என்று ஞாயிறுதோறும் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி வைக்கிறாள். மறுபடி சிதறுகிறதா என்று தன் லேப்டாப்பிலிருந்து மணிக்கொரு முறை மொத்தத்தையும் சோதித்தாள். புகார் நிற்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சோதித்தாள். புகார் இரட்டிப்பானது.

“இன்னும் என்னதாங்க செய்யச் சொல்றீங்க? காலையிலேருந்து டீ குடிக்கக்கூட எழுந்திரிக்காம இதையேதான் சோதிச்சுட்டிருக்கேன்!”

“கோவிச்சுக்காதீங்க மேடம். நேத்து எப்படி ஓடுச்சு தெரியுமா? பேரைத் தட்டினா உடனே வந்து நிக்குது. பதினோரு மணிக்கே கியூ காலி. நேத்து என்ன செஞ்சீங்களோ, அதையே தினமும் செஞ்சிடுங்க.”

நேற்று முழுவதும் லிசி லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, துவாக்குடியில் நாத்தனாரின் புது வீடு மந்திரிப்பு விருந்தில் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தாள்.