மூன்றாவது நடுவர்

"இன்னாக்கா அநியாயம் இது?" என்று மொபைலை நீட்டினான் சித்தப்பா மகன் தினேஷ்குமார்.

திரையில் விழும் புள்ளிகளைத் தாளத்தோடு தட்டும் கேம் அது. ரசிகர்களே ஒரு இசைக்குப் புள்ளி அமைத்து அனுப்பும் போட்டியில், மானாம்பதியில் என் அப்பா கடைசியாக அடித்த மேளத்தை அனுப்பியிருந்தான். அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. போட்டியில் அனுப்பியவர் பெயரும் நடுவர்கள் பெயரும் ரகசியம்.

"ரெண்டு பேரு ஒம்பது போட்டுக்கீறாங்க. மூணாவது ஆளு ரெண்டு. 'சாவு மேளத்துக்கெல்லாம் கேமா'ன்னு எழுதிக்கீது. மொதப் பரிசு பூட்ச்சி. சினிமாப் பாட்டுன்னா இப்டி எழுதுவாங்களா?"

"வெக்கங்கெட்ட ஜென்மம். அதையெல்லாம் நடுவரா வெச்சதே தப்பு" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"அதுகூட பரவால்லக்கா. நடுவருங்க ஆடிப் பாத்த ஸ்கோரும் கீது பாரு. ஒம்பது போட்டவங்க எவ்ளோ எடத்துல தப்பா தட்டிக்கீறாங்க. ரெண்டு போட்ட ஆளு மொத தபாவே ஒண்ணுகூட வுடல. பெரியப்பா திடீர்னு கைய மாத்துற எடம்கூட. நம்ம தெருவுல பொறக்காம அது எப்டி வரும்?"

அவன் மேளத்தை ஓடவிட்டான். மடியில் கிடந்த என் விரல்கள், அப்பா கை மாற்றும் முன்பே மாற்றின. அவன் பார்க்குமுன் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டேன்.

மற்ற நடுவர்கள் எழுதிவிடுவார்களோ என்று பயந்துதான் அந்தச் 'சாவு மேளம்' வரியை நானே முதலில் எழுதினேன்.

அவர்கள் எழுதவே இல்லை.